தாய்மாமன் பேரல்

சத்யாவின் மகனுக்குக் காது குத்திய அன்று, தாய்மாமன் சீர்வரிசையில் எல்லாத் தட்டுகளுக்கும் முன்னால் வந்தது ஒரு நீலப் பேரல். ஆள் இடுப்பு உயரம் இருக்கும். வாய்க்கட்டில் மாவிலை கட்டி, மூன்று இடத்தில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து, இரண்டு பேர் மூங்கில் கழியில் தொங்கவிட்டுத் தூக்கி வந்தார்கள். அதற்குப் பின்னால்தான் பழத்தட்டும் பட்டுச் சட்டையும் வெள்ளி அரைஞாணும். நாயனக்காரரே ஒரு நிமிஷம் ஊதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அது 2003-ம் வருஷத்து மாசி மாதம். இரண்டு வருஷமாக மழை பொய்த்து, எங்கள் சிறுகாம்பட்டியில் கிணறுகளுக்குள் ஆடு இறங்கி மேய்ந்த காலம். பெரம்பலூரிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை வரும் தண்ணி லாரிதான் அப்போது ஊருக்குக் குலதெய்வம். குடம் வைத்திருப்பவள் அடித்துப் பிடித்து நாலு குடம் பிடிப்பாள். பேரல் வைத்திருப்பவள் லாரியின் ரப்பர் குழாயை உள்ளே விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்பாள்; பன்னிரண்டு குடம் ஒரே மூச்சில் நிரம்பிவிடும். அந்த வருஷம் பித்தளை அண்டா கொண்டுவந்த தாய்மாமன்கள் எல்லாம் கஞ்சன்கள். பேரல் கொண்டுவந்த தர்மராஜ்தான் தாய்மாமன்.

"சீருன்னா இதுல்ல சீரு!" என்றாள் எதிர்வீட்டுப் பாப்பாயி. "எங்கூடவும்தான் மூணு தடியனுவ பொறந்தானுவ. ஒரு சட்டித் தண்ணிக்கு வக்கத்தவனுவ."

பிள்ளை கபிலனை மடியில் வைத்துக்கொண்டு மொட்டைத் தலையில் சந்தனம் தடவிக்கொண்டிருந்த தர்மராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத வீடு அவர்களுடையது. பதினாறு வயதில் திருப்பூருக்குப் போய், சாயப்பட்டறையில் நின்று, தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தவன் அவன். சத்யாவுக்குப் பிறந்த வீடு என்று சொல்ல அவன் ஒருத்தன்தான்.

அவன் விரல்களைப் பார்த்து ஆண்டவர் கேட்டார். ஊருக்குள் வயதான மனிதர், எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார். "என்ன தம்பி, நகமெல்லாம் ரோசாப்பூவா இருக்கு? மருதாணியா?"

"சாயங்க பெரியவரே. போன மாசம் பூரா பச்சையா இருந்துச்சு. இந்த மாசம் ரோஸு. வெள்ளக்காரனுக்கு மாசத்துக்கு ஒரு கலரு புதுசா வேணும். கப்பல் கெளம்புற தேதிக்குள்ள துணி போவலன்னா மொதலாளி தூக்குல தொங்கணும். அதனால ராவும் பகலும் ஓட்டுவோம்."

"அத்தன துணியையும் எத்தன நாளைக்குப் போடுவானுவ?"

"நாலு தடவ போட்டுட்டுத் தூக்கிப் போட்டுருவாங்களாம்."

"அடப்பாவி மக்கா," என்றார் ஆண்டவர். அவர் கட்டியிருந்த வேட்டிக்கு எட்டு வயது.

அதற்குள் பெண்கள் பேரலைச் சூழ்ந்துகொண்டார்கள். மூடியைத் திறந்து ஆளாளுக்கு மோந்து பார்த்தார்கள். புளித்த வாடை வந்தது.

"அது வினிகர் பேரலுங்க," என்று தர்மராஜ் விளக்கினான். "ஊறுகாயில ஊத்துறாங்கள்ல, அந்தப் புளிப்புத் தண்ணிதான். சாயத்துக்கும் அது வேணும். மத்த பேரல்ல வர்றதெல்லாம் வெஷம், கிட்டயே போவக் கூடாது. குடோன்ல இருவது பேரல மோந்து பாத்து, இதப் பொறுக்கி எடுத்தேன். மூணு தடவ சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு வாரம் வெயில்ல காய வச்சிருக்கேன்."

"எனக்கு ஒண்ணு கொண்டாந்து குடு தம்பி. எம்மவ பிரசவத்துக்கு வந்துருவா, தண்ணி இல்லாம என்ன பண்ணுவேன்?" என்றாள் பாப்பாயி. எனக்கு, எனக்கு என்று எட்டுப் பேர் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்துப் பருத்தியை ஏற்றிக்கொண்டு போகும் லாரிகள் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து திரும்பும்போது காலியாகத்தான் வரும். பங்குனி முதல் வாரத்தில் அப்படி ஒரு லாரியில் எட்டு நீலப் பேரல்கள் வந்து இறங்கின. இங்கிருந்து வெள்ளையாகப் போனதற்குப் பதில் அங்கிருந்து நீலமாக வந்தது. எல்லாவற்றிலும் அதே புளித்த வாடை. ஊரே தர்மராஜை வாழ்த்தியது.

சித்திரையில் வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசி வெடிப்புப் பருத்தியை எடுக்கச் சத்யா விடியலில் போய்விடுவாள். சேலையை மடியாகக் கட்டிக்கொண்டு, வெடித்த காயின் ஓட்டு முனை நகக்கண்ணில் குத்தக் குத்த எடுப்பாள். வரப்பு வேம்பில் தூளி கட்டிக் கபிலனைப் போட்டிருப்பாள். அந்த வருஷம் காய்ப்புழு அதிகம். திருமுருகன், சத்யாவின் புருஷன், பதினோரு தடவை மருந்தடித்திருந்தான். பருத்திக்காட்டுக்குள் நுழைந்தாலே மூக்கு எரியும்.

அந்த மாதம் தண்ணி லாரி ரிப்பேர் என்று ஒன்பது நாளாகியும் வரவில்லை. பத்தாம் நாள் காலையில் கபிலனுக்குக் கேழ்வரகுக் கூழ் கிண்டிக் கொடுத்துவிட்டு, மீதித் தண்ணியையும் பாலாடையில் புகட்டி, மாமியார் குஞ்சம்மாளிடம் பிள்ளையைக் கொடுத்தாள் சத்யா. மத்தியானத்துக்குள் பிள்ளையின் உதடு கறுத்தது. நகம் கறுத்தது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, மேலே திருச்சிக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். வேன் பாடாலூர் தாண்டும்போது உயிர் போய்விட்டது. பதின்மூன்று மாதப் பிள்ளை.

அதற்குப் பிறகு ஊர் பேசியதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். டாக்டர் ஒரு வார்த்தை கேட்டிருந்தார், "பூச்சிமருந்து ஏதாச்சும் வூட்டுல வச்சிருந்தீங்களா?" அது போதாதா? சத்யா பருத்தி எடுத்த கையைக் கழுவாமல் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள், மருந்து படிந்த சேலையில் தூளி கட்டினாள், அவள் கைதான் பிள்ளையைத் தின்றது என்று முடிவு கட்டிவிட்டார்கள். சொன்னவர்கள் அத்தனை பேரும் அதே கையோடு பிள்ளை வளர்த்தவர்கள்தான். ஊர் வாயை உலைமூடி கொண்டா மூட முடியும்? குஞ்சம்மாள் வாயால் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சோற்றுப் பானையைச் சத்யா தொடவந்தபோது, "இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்று நகர்த்தி வைத்தாள். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

திருப்பூரில் சேதி சொல்லியும், கப்பல் தேதி நெருங்கிவிட்டது என்று மேஸ்திரி அதை இரண்டு நாள் அமுக்கி வைத்துவிட்டான். மூன்றாம் நாள்தான் தர்மராஜ் வந்து சேர்ந்தான். பிள்ளையைப் புதைத்த குழியை ஓடையோரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தான். கொல்லையில் சத்யா உட்கார்ந்து சாம்பலால் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை தோல் உரிந்து சிவந்திருந்தது.

"சத்யா."

அவள் நிமிரவில்லை. "மருந்து போவலண்ணே. எத்தன தடவ கழுவுனாலும் மோந்தா அடிக்குது."

அவன் பக்கத்தில் குந்தினான். "ஆயி, என்ன நடந்துச்சுன்னு மொதல்லேருந்து சொல்லு."

"கூழு குடுத்தேன். நல்லாக் குடிச்சான். கொஞ்ச நேரத்துல ஒதடு நாவப்பழம் தின்ன மாரி ஆயிருச்சுண்ணே. நான் சிரிச்சேன். ஏண்டா, ஆருடா ஒனக்கு நாவப்பழம் குடுத்தான்னு கேட்டுச் சிரிச்சேன். இந்தக் கோடையில ஏது நாவப்பழம்? அது கூடத் தோணாம சிரிச்சேன்."

"அப்புறம்?"

"நகமெல்லாம் கறுத்துப் போச்சு. மூச்சு எளைக்குது. ஆஸ்பத்திரியில ஊசியில ரத்தம் எடுத்தாங்க. செவப்பாவே இல்லண்ணே. டீக்கட டிக்காசன் மாரி இருந்துச்சு."

அந்த நிறம் தர்மராஜுக்குத் தெரியும். போன ஐப்பசியில் லெப்பைக்குடிக்காட்டு மதார், அவன்கூட வேலை பார்த்தவன், எண்ணெய்ப் பேரல் ஒன்றுக்குள் தலையை விட்டுக் கழுவும்போது மயங்கி விழுந்தான். அவனுக்கும் உதடு நீலம். அவனுக்கும் ஊசியில் வந்த ரத்தம் டிக்காஷன்தான். வளர்ந்த ஆள் என்பதால் ஆஸ்பத்திரியில் பிழைத்தான். சாயத்தில் கலக்கிற எண்ணெய் உடம்புக்குள் போனால் ரத்தம் இப்படித்தான் ஆகும் என்று அங்கே சொன்னதை இவனும் கேட்டுக்கொண்டு நின்றான்.

"கூழுக்குத் தண்ணி எதுல எடுத்த?"

"பேரல்லதான். லாரி ஒம்பது நாளா வரல. அடியில ரெண்டு சொம்பு கெடந்துச்சு, சாச்சு மொண்டேன்."

"நீங்கள்லாம் குடிச்சீங்களா அத?"

"இல்ல. நாங்க காட்டுக் கெணத்து ஊத்த மொண்டு குடிச்சுக்கிட்டோம். அது உப்பு, புள்ளைக்கு ஒத்துக்காதுன்னு இத அவனுக்குன்னு வச்சிருந்தேன்."

தர்மராஜ் எழுந்து போனான். பேரல் தென்னமரத்தடியில் நின்றது; மஞ்சள் குங்குமத் தீற்றல் இன்னும் லேசாக இருந்தது. படுக்கவைத்து, தோள்வரை உள்ளே நுழைந்து அடியைச் சுரண்டினான். விரல்நகத்தில் மெழுகு மாதிரி தவிட்டு நிறத்தில் ஏதோ வந்தது. வினிகரில் அடி மண்டி படியாது. அது அவனுக்குத் தெரியும். குடோன்காரன் விற்பனைக்கு ஒதுக்கிய பேரல்களில் ஒரு குவளை வினிகரை ஊற்றி உருட்டிக்கொண்டிருந்ததையும் அவன் பார்த்திருந்தான். கழுவுகிறார், நல்ல மனுஷன் என்று நினைத்திருந்தான். மோந்து பார்த்து வாங்க வருகிறவர்களுக்காகத்தான் அந்த வாடை என்பது இப்போதுதான் உறைத்தது.

அவன் வாயை மூடிக்கொண்டு திருப்பூருக்குப் போயிருக்கலாம். பழி பூச்சிமருந்தின் மேல் இருந்தது. யாரும் பேரலைச் சந்தேகப்படவில்லை. நம்மில் பாதிப்பேர் அதைத்தான் செய்திருப்போம். அவன் கொல்லைக்குத் திரும்பிவந்து தங்கச்சியின் முன்னால் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான்.

சத்யா வெகுநேரம் அவன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப என் கையில்லையாண்ணே?"

"ஒங்கையில்ல ஆயி. எங்கை."

அவள் அவனை அடிக்க ஆரம்பித்தாள். முகத்திலும் நெஞ்சிலும் அந்த உரிந்த கையாலேயே அடித்தாள். அவன் தடுக்கவில்லை. குஞ்சம்மாள் ஓடிவந்து பிடிக்கும்வரை அடித்தாள். பிறகு அவன் தோளிலேயே விழுந்து, மூன்று நாளில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். நிலையில் நின்று எல்லாவற்றையும் கேட்ட திருமுருகன் யார் முகத்தையும் பார்க்காமல் காட்டுப் பக்கம் நடந்துவிட்டான்.

சாயங்காலமே தர்மராஜ் ஊருக்குள் இறங்கினான். முதலில் எதிர்வீடு. பாப்பாயியின் மகள் செவ்வந்தி எட்டு மாத வயிற்றோடு வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யத்தே, அந்தப் பேரல் தண்ணிய இனிமே பொழங்காதீங்க. நான் கொண்டாந்தது வினிகர் பேரல் இல்ல. வெஷம். எங்க புள்ளய அதுதான் கொன்னுருச்சு."

பாப்பாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏந்தம்பி, நாங்க ஒரு மாசத்துக்கு மேல இதுலதான் குடிக்கிறோம். செத்தா போயிட்டோம்?"

"தலவலி இல்லையா? கெறக்கம் இல்லையா?"

"இந்த வெயிலுக்கு யாருக்குத்தான் கெறக்கம் இல்ல?"

"ஒங்க மவளுக்காகச் சொல்றேன். வயித்துல புள்ள இருக்கு."

"எம்மவளுக்காவத்தான் நானும் சொல்றேன். நாளைக்கு லாரி வருது. இதக் குடுத்துட்டு அவளுக்குத் தண்ணிக்கு எங்க போவேன்?" குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. தங்கச்சி மேல விழுந்த பழிய எப்படியாச்சும் எடுக்கணும்னு நீ தவிக்கிற. கூடப் பொறந்தவன் அப்படித்தான் பண்ணுவான். எந்தம்பிமாருக்கு அந்தப் பாசம் இல்ல. அதுக்காவ ஊருத் தண்ணியில மண்ணப் போடாத."

ஏழு வீட்டிலும் ஏறக்குறைய இதே பேச்சு. நல்ல அண்ணன் என்று பாராட்டினார்கள். ஒருத்தரும் பேரலைத் தரவில்லை. ஆண்டவர் வீடு மட்டும் பூட்டியிருந்தது.

இருட்டுவதற்குள் திரும்பி வந்தவனுக்குக் குஞ்சம்மாள்தான் சோறு போட்டாள். கம்மஞ்சோறும் மோர்மிளகாயும். அவன் கை வைக்கவில்லை.

"நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. ஒனக்காகப் பொய் சொல்றேங்கிறாங்க," என்றான், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த சத்யாவிடம். "நீ சொன்னா நம்புவாங்க."

குஞ்சம்மாள் திடுக்கிட்டுப் போனாள். "என்ன தம்பி பேசுற? பொறந்த வூட்டுச் சீர எந்தப் பொம்பளையாச்சும் தெருவுல நின்னு பழிப்பாளா? அந்த வார்த்த வெளிய வந்துட்டா அப்புறம் அவளுக்குப் பொறந்த வூடு ஏது? இருக்கறது நீ ஒருத்தன்."

எங்கள் பக்கத்தில் அது பெரிய விஷயம். புருஷனைத் திட்டலாம், மாமியாரைத் திட்டலாம், சாமியைக் கூடத் திட்டலாம். தாய்மாமன் சீரில் வந்த சட்டியை ஓட்டை என்று சொல்லக் கூடாது. சொன்னால் உறவு அன்றோடு அறுந்தது; நல்லது கெட்டதுக்கு அண்ணன் வாசல் மிதிக்க மாட்டான், அவள் செத்தால் கோடித்துணி வராது. எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள் என்பதால்தான், ஒருத்தி சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும்.

"அதனாலதான் கேக்குறேன்," என்றான் தர்மராஜ்.

சத்யா சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு லாரி வந்தது. பன்னிரண்டு பதின்மூன்று நாளுக்குப் பிறகு வரும் தண்ணி. தெரு முழுக்கக் குடம், அண்டா, சட்டி, வரிசைச் சண்டை. பேரல்காரர்கள் தங்கள் பேரல்களை உருட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள். தர்மராஜ் ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் கும்பிட்டான். லாரிக்காரன், "யோவ், ஓரமாப் போய்யா" என்று தள்ளினான். பாப்பாயி குழாயைப் பிடுங்கித் தன் பேரலுக்குள் விட்டாள். தண்ணி விழும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் சத்யா வந்தாள். தலை முடியாமல், நாலு நாள் கட்டிய சேலையோடு வந்து, பாப்பாயியின் பேரல் மேல் கை வைத்தாள். எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள். பாப்பாயி தன்னை அறியாமல் ஓரடி தள்ளி நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றாள் சத்யா. சத்தம் போடக் கூட அவளிடம் தெம்பில்லை. "எங்கண்ணன் எனக்கு வெஷத்தச் சீராக் கொண்டாந்தான். அத மஞ்ச தடவி வாங்குனேன். அதுல மொண்டுதான் எம்புள்ளைக்கு ஊத்துனேன். எம்பொறந்த வூட்டுச் சீருதான் எம்புள்ளயக் கொன்னுச்சு. இதச் சொன்னதுக்கப்புறம் எனக்குப் பொறந்த வூடு இல்ல. இருந்தும் சொல்றேன்."

தர்மராஜ் தலையைக் குனிந்து நின்றான். கேட்டது அவன்தான், இருந்தாலும் அந்த வார்த்தை காதில் விழுந்தபோது அவன் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது.

செவ்வந்திதான் முதலில் அசைந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, அம்மாவின் கையிலிருந்த குழாயை வெளியே இழுத்துப் பக்கத்துக் குடத்தில் விட்டாள். பாப்பாயி பாதி நிறைந்த பேரலைக் காலால் உந்திச் சாய்த்தாள். அந்த வருஷத்தில், அந்தத் தெருவில், ஆறு குடம் தண்ணி மண்ணில் ஓடியது. ஒரு பிள்ளை கூட அதை அள்ளப் போகவில்லை, போகவிடவில்லை.

களத்துமேட்டில் பேரல்களைக் குவித்துத் தர்மராஜ் கோடாலியால் ஒவ்வொன்றாகக் கிழித்தான். முழுசாக விட்டால் பழைய சாமான் வாங்குகிறவன் எடுத்துப்போய் அடுத்த ஊரில் விற்றுவிடுவான். வியர்வை கொட்ட வெட்டிக்கொண்டே வந்தவன் நிறுத்தி எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"சீருப் பேரலோட சேத்து ஒம்பது. எட்டுதான் இருக்கு. ஒண்ணு யாருது?"

அப்போதுதான் காலைப் பஸ்ஸில் இறங்கிவந்த ஆண்டவர், கையில் மஞ்சப்பையோடு வெட்டிய பேரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு வாய் குழறியது.

"எம் பேத்திக்குக் காதுகுத்து தம்பி, திருமழபாடியில. முந்தாநேத்து. அங்கயும் தண்ணி இல்ல, கொள்ளிடமே வெறும் மணலாக் கெடக்கு. எம்மவன்தானே தாய்மாமன், பேரலச் சீராக் கொண்டுபோயி வச்சுட்டோம். எல்லாரும் ரொம்ப..."

"போனு இருக்கா அங்க?"

"கூர வூட்டுக்கு ஏது தம்பி போனு?" கிழவர் அப்படியே குந்திவிட்டார். "வச்ச சீரத் திருப்பிக் கேக்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்? சம்பந்தி வூட்டுல கேவலப்படுத்த வந்தியான்னு கேப்பாங்களே. நாஞ் சொன்னா குடுப்பாங்களா?"

"குடுக்க மாட்டாங்க," என்றாள் சத்யா. அவள் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. "நீங்க வழியக் காட்டுங்க போதும். நாஞ் சொல்றேன்."

"நீ யாருன்னு கேப்பாங்களே ஆயி?"

"இதே பேரலுக்குப் புள்ளயக் குடுத்தவள்னு சொல்லுறேன்."

பத்தே முக்காலுக்கு அரியலூர் பஸ். கூட்டம் இல்லை. ஆண்டவர் முன்னால் உட்கார்ந்தார். சத்யா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தர்மராஜ் அவள் பக்கத்தில் உட்காரத் துணியாமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தான். எதிரே பருத்தி மூட்டை ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின.

வெகுதூரம் போனபிறகு சத்யா முன் சீட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"பெரியவரே, அந்தப் புள்ளைக்கு எத்தன மாசம்?"

"ஒம்பது ஆயி."

"பால்மட்டுந்தான் குடிக்குதா? கூழு குடுக்க ஆரம்பிச்சுட்டாங்களா?"

ஆண்டவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"நேத்துதான் ஆரம்பிச்சாங்க," என்றார்.